வகுப்பறைக்கு வெளியே நின்ற மாணவர்
(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் ஒரு பெரியாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றியே பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அண்ணலைப் பற்றி நம் மேடையில் ஆண்டுதோறும் பேசுகிறோம். இனியும் பேசுவோம். ஆனால் நமக்கு வடக்கே, ஒரு நாள் பேருந்துப் பயணத் தொலைவில் பிறந்து, நம் பாட்டன்மார் எந்த அரசரின் ஆட்சியில் வாழ்ந்தார்களோ அதே ஆட்சியில் வளர்ந்து, உலக நாடுகளில் இந்தியாவின் தூதராக அமர்ந்து, இறுதியில் இந்நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஒருவரை நம் பிள்ளைகள் பெயரளவில்கூட அறியவில்லை. சென்ற மாதம் என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் கேட்டேன். நாற்பது பேரில் மூவர் கை உயர்த்தினர். அந்த மூவரில் ஒருவன் அவரைக் கிரிக்கெட் வீரர் என்றான்! குற்றம் மாணவர்களுடையது அன்று. சொல்லித் தராத எங்களுடையது. ஆகவே இன்று கே. ஆர். நாராயணன் அவர்களைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

கோட்டயம் பகுதியில் உழவூர் என்னும் சிற்றூர். அங்கே ஓலை வேய்ந்த ஒரு குடிலில், கோச்சேரில் ராமன் வைத்தியருக்கும் பாப்பியம்மாளுக்கும் பிறந்த ஏழு மக்களில் நான்காமவர் நாராயணன். தந்தையார் நாட்டு வைத்தியர். மருந்து கொடுப்பார், பெரிதாகப் பணம் சேர்த்தவரல்லர். பிறந்த நாள் 1920 அக்டோபர் 27 என்று ஆவணங்கள் கூறும். உண்மையில் அவர் பிறந்தது 1921 பிப்ரவரி 4 என்பர். பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்ற மாமாவுக்குச் சரியான நாள் தெரியவில்லை, மனத்தில் தோன்றிய ஒரு நாளைச் சொன்னார், ஆசிரியர் எழுதிக்கொண்டார், அதுவே நிலைத்துவிட்டது. தலைமையாசிரியன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் முதியோரில் எத்தனை பேருடைய பிறந்த நாள் பள்ளிப் பதிவேட்டில் பிறந்தது என்பதை நாம் அறிவோம் அல்லவா?

அவர் பிறந்தது பரவன் என்னும் சமூகத்தில். இப்பெயரைக் கேட்டதும் நம் கடற்கரை மக்களில் சிலருக்கு ஐயம் எழலாம். முத்துக்குளித்துறைப் பரதவரோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. திருவிதாங்கூரில் பரவன் என்பது தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாட்டின் பட்டியல் இனத்தோர் அட்டவணையிலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் அப்பெயர் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஏன் இந்த இரண்டு இடங்களுக்கு மட்டும்? 1956 நவம்பர் 1 வரை இவ்விரண்டும் திருவிதாங்கூரோடு இருந்தவை. எல்லைக்கோடு மாறியது, அட்டவணையில் பழைய நாட்டின் தழும்பு அப்படியே இருக்கிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம், நாராயணனின் கதை அயல்நாட்டுக் கதையன்று, நம் வீட்டுக் கதை என்பதற்காகவே.

அந்தத் திருவிதாங்கூர் எப்படி இருந்தது? நம் பிள்ளைகள் கோயிலுக்குள் செல்வது 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகுதான் சட்டப்படி இயன்றது. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்காக வைக்கத்தில் 1924இல் தொடங்கிப் போராட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதோ அதனினும் கடினம். விழிஞ்ஞத்துக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்த மகாத்மா அய்யன்காளி அவர்கள், நம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகளைக் கட்டிப்போட்டவர். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் ஒரு சிறுமியை அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டு, அந்தப் பள்ளியையே தீயிட்டு எரித்தனர். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைக் காண வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று அய்யன்காளி கூறினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரின் விருப்பம் அது. நிலம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. பத்துப் பட்டதாரிகள்! 1941இல் அவர் மறைந்தார். அப்போது நாராயணன் பட்டப் படிப்பில் இருந்தார்.

இனி அவருடைய பள்ளி வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பதவிகளைப் பற்றிப் பல நூல்கள் சொல்லும். பள்ளியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

1927இல் குறிச்சித்தானம் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் உழவூர், கூத்தாட்டுக்குளம், குறவிலங்காடு எனப் பள்ளிகள் மாறின. நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வயல்வரப்புகளின் வழியே நடந்து சென்று வந்தார். மழைக்காலத்தில் மலையாள நாட்டு வரப்பு எப்படியிருக்கும் என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டணம் மிகச் சிறிய தொகைதான். அதையும் உரிய நாளில் கட்ட இயலவில்லை. கட்டணம் பாக்கி என்பதற்காக வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படாத நாட்களில் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வெளியே நின்றபடியே பாடத்தைக் கேட்டார்.

புத்தகம் வாங்கவும் வழியில்லை. அவருடைய தமையனார் நீலகண்டன் ஆஸ்துமா நோயால் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். அந்த நோயாளி அண்ணன் பிற மாணவர்களிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, அவற்றைக் கையால் முழுவதுமாகப் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு மனிதர் பூகோளப் பாடத்தையும் ஆங்கிலப் பாடத்தையும் எழுதிக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். இந்தியாவின் பத்தாவது குடியரசுத் தலைவரின் வரலாற்றில் ஹாரால்ட் லாஸ்கியின் பெயர் வரும், ஜவாஹர்லால் நேருவின் பெயர் வரும், டாட்டாவின் பெயர் வரும். என்னைக் கேட்டால் முதற்பெயர் நீலகண்டன் என்பேன்.

இவ்விடத்தில் என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், குறிப்பேடு வாங்கி வராத ஒரு மாணவனை மூன்று நாட்கள் தொடர்ந்து வராந்தாவில் நிறுத்தினேன். ஒழுங்கு வேண்டும் என்பது என் எண்ணம். நான்காம் நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. வீடு தேடிச் செல்லலாம் என்று எண்ணியிருந்தேன். தேர்வு, திருத்தம், பதிவேடு என்று நாட்கள் ஓடின. நான் சென்றபோது அவன் கொத்தனாருக்குக் கையாளாகப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வகுப்புக்கு வெளியே நிற்கும் எல்லாப் பிள்ளைகளும் சன்னல் வழியே பாடம் கேட்டு நாராயணனாக ஆகிவிடுவதில்லை. அவனும் நம் சமூகத்துப் பிள்ளைதான். நிறுத்தியவனும் நம் சமூகத்தவன்தான். ஆதலால்தான் நாராயணனின் கதையை, ஏழையாய்ப் பிறந்தாலும் முயன்றால் உயரலாம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு நா எழவில்லை.

பள்ளியிறுதித் தேர்வில் தேறி, உதவித்தொகை பெற்றுக் கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இடைநிலை வகுப்புப் படித்தார். பிறகு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1943இல் முதல் வகுப்பில், பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறினார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து இத்தகுதியைத் திருவிதாங்கூரில் பெற்ற முதல் மனிதர் அவரே. அய்யன்காளி கேட்ட பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டவர்தாம் இல்லை.

இனி நடந்தது கவனிக்கத்தக்கது. முதல் வகுப்பில் முதலிடம் பெற்ற அவருக்குச் சொந்த நாட்டில் விரிவுரையாளர் பணி கிட்டவில்லை. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக ஆண்ட காலம் அது. தகுதி, தகுதி என்று இன்று நம்மை நோக்கி உரைக்கப்படும் சொல் நம் இளைஞர்களின் காதில் நாள்தோறும் விழுகிறது. கல்லூரிச் சேர்க்கையில் விழுகிறது, அலுவலகத்தில் விழுகிறது, சில நேரங்களில் ஆசிரியர் ஓய்வறையிலும் விழுகிறது. அவ்வாறு கேட்போரிடம் ஒன்று கேளுங்கள். 1943இல், பல்கலைக்கழகத்தின் முதல் மாணவருக்கு வேலை கொடுக்காமல் அனுப்பியது எந்தத் தகுதி?

அவர் நாட்டை விட்டு வெளியேறி வடக்கே சென்றார். இந்து, டைம்ஸ் ஆப் இந்தியா ஆகிய இதழ்களில் செய்தியாளராகப் பணியாற்றினார். 1945 ஏப்ரல் 10இல் பம்பாயில் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். அன்று அடிகள் மௌனத்தில் இருந்தமையால் விடைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தீண்டாமையைப் பற்றி அயல்நாட்டில் தம்மிடம் கேட்டால் என்ன சொல்வது என்பதும் அந்த இளைஞர் கேட்ட கேள்விகளில் ஒன்று. அது புகழுக்காகக் கேட்ட கேள்வியன்று. அவருக்கு உண்மையாகவே அந்த விடை வேண்டியிருந்தது. ஏனெனில் அவ்வாண்டே அவர் கப்பலேற இருந்தார்.

ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவியால் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் பயின்ற அதே நிறுவனம். அங்கே பேராசிரியர் லாஸ்கியிடம் அரசியல் கற்றார். கார்ல் பாப்பர் போன்ற அறிஞர்களின் விரிவுரைகளையும் கேட்டார். கிருஷ்ண மேனன் நடத்திவந்த இந்தியா லீக்கில் ஊக்கத்துடன் ஈடுபட்டார். அடிமைப்பட்ட நாடுகளின் இளைஞர் பலர் இலண்டனில் கூடியிருந்த காலம் அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டுகோஸ்டிலிருந்து வந்த குவாமே நிக்ருமா அதே 1945இல் அதே நிறுவனத்தில் பெயர் பதிந்தவர். பன்னிரண்டே ஆண்டுகளில் அந்நாடு கானா என்னும் பெயரில் விடுதலை பெற, அவர் அதன் முதல் பிரதமர் ஆனார். ஆள்வோர் நாட்டின் தலைநகரிலேயே ஆளப்படுவோர் அரசியல் பயின்றனர். வரலாறு சில வேளைகளில் இப்படி நகைச்சுவையாகவும் நடந்துகொள்ளும்.

படிப்பை முடித்து 1948இல் தாயகம் திரும்புகையில், லாஸ்கி நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். தில்லியில் பிரதமரைக் காண நாராயணனுக்கு நேரம் கிடைத்தது. உள்ளே சென்றார். இலண்டனைப் பற்றியும் பொதுச் செய்திகளைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு முடிந்தது என்று உணர்ந்து எழுந்து விடைபெற்றபோதுதான் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கடிதத்தைப் படித்த நேரு பின்னாலிருந்து அவரைத் திரும்ப அழைத்து, இதை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டார். விடைபெறும்போது தந்தால் போதும் என்று எண்ணியதாக இவர் விடையளித்தார். இதைப் பின்னாளில் நாராயணன் அவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார். சிபாரிசுக் கடிதத்தை முன்னே நீட்டிக்கொண்டு நுழையும் வழக்கம் நம் நாட்டில் எவ்வளவு வேரோடியது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த இளைஞரின் அடக்கத்தில் இருந்த நிமிர்வு புலப்படும்.

1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரங்கூன், தோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனாய் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். ரங்கூனில் மா டின்ட் டின்ட் என்னும் பர்மியப் பெண்மணியைச் சந்தித்தார். வெளியுறவுப் பணியில் இருப்பவர் அயல்நாட்டவரை மணக்கத் தனி இசைவு தேவை. நேரு அந்த இசைவை அளிக்க, 1951இல் தில்லியில் திருமணம் நடந்தது. அம்மையார் உஷா என்ற பெயரை ஏற்று இந்தியக் குடிமகள் ஆனார்.

தாய்லாந்துக்கும் துருக்கிக்கும் தூதராகச் சென்றதைப் பெயரளவில் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். சீனத்தைப் பற்றிச் சொல்லாமல் இயலாது. 1962 போருக்கு முன்பிருந்தே பீகிங்கில் நமக்குத் தூதர் இல்லை. பதினைந்து ஆண்டுகள் இரு பெரும் அண்டை நாடுகள் தூதரின்றி முகம் திருப்பி நின்றன. 1976இல் மீண்டும் தூதரை அனுப்ப முடிவு செய்தபோது, அந்த நாற்காலிக்கு இந்திரா காந்தி அம்மையாரின் அரசு தேர்ந்தெடுத்தவர் நாராயணன். மாவோ மறைந்த ஆண்டும் அதுவே. பகை ஆறாத வீட்டுக்கு முதலில் அனுப்பப்படும் ஆள் யார் என்று நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எப்படி யோசிப்போம்? சொல் தடிக்காதவராக இருக்க வேண்டும்; கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; விட்டுக்கொடுக்கக் கூடாததை விடாதவராகவும் இருக்க வேண்டும். வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்டுப் பழகிய காது அங்கே பயன்பட்டிருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

1978இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். விரிவுரையாளர் பணி கிடைக்காத மனிதர், பேராசிரியர்களை நியமிக்கும் இடத்தில் அமர்ந்தார். 1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் தூதர். அதன்பின் அரசியல்.

1984இல் கேரளத்தின் ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராக நின்று வென்றார். 1989இலும் 1991இலும் அங்கேயே வென்றார். அது நமக்கென ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. இதை நம் இளைஞர் சிலர் கூச்சத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கூச்சம் எதற்கு? பீகிங்கிலும் வாஷிங்டனிலும் நாட்டின் குரலாக இருந்தவர்கூட, தனித் தொகுதி என்னும் கதவு இல்லாவிடில் தேர்தலில் நிறுத்தப்பட்டிருப்பாரா என்ற கேள்வியைத்தான் எழுப்ப வேண்டும். இராஜீவ் காந்தி அமைச்சரவையில் திட்டம், வெளியுறவு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இணை அமைச்சராக இருந்தார். 1991இல் காங்கிரசு ஆட்சி திரும்பியபோது அவருக்கு அமைச்சர் பதவி தரப்படவில்லை. அதற்காக அவர் கட்சி மாறவுமில்லை.

1992இல் குடியரசுத் துணைத் தலைவர். 1997 ஜூலை 25இல் குடியரசுத் தலைவர். எதிர்த்து நின்றவர் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி. என். சேஷன். பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு நாராயணனுக்கு விழுந்தது. விடுதலையின் பொன்விழா ஆண்டில் ஒரு தாழ்த்தப்பட்டவரை அமர்த்தி அழகு பார்க்கிறார்கள், அவ்வளவே என்று அந்நாளில் பலர் பேசினர். அழகுக்காக வைத்த பொம்மை வாய் திறக்காது என்பது அவர்கள் கணக்கு.

பதவியேற்று மூன்று மாதம் நிறைவதற்குள் கணக்குத் தவறியது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வேண்டும் என்று குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. அந்த முதலமைச்சரோ சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றிருந்தார். பெரும்பான்மையைத் தீர்மானிக்கும் இடம் சட்டமன்றமே என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்திருந்தது. (பொம்மை என்பது கர்நாடக முதலமைச்சராக இருந்தவரின் பெயர், நான் முன்னே சொன்ன பொம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) நாராயணன் கையெழுத்திடாமல், மறுபரிசீலனை செய்யுமாறு கோப்பைத் திருப்பி அனுப்பினார். அவ்வாறு செய்த முதல் குடியரசுத் தலைவர் அவரே. அமைச்சரவை பணிந்தது. அடுத்த ஆண்டு பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்குமாறு வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் அவ்வாறே திருப்பியனுப்பினார். முதற்கோப்பால் காப்பாற்றப்பட்டது பாரதிய ஜனதா அரசு. இரண்டாம் கோப்பால் காப்பாற்றப்பட்டது அக்கட்சியை எதிர்த்தவர்களின் அரசு. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே.

1999 பிப்ரவரியில் பீகாரில் நம் மக்கள் கொல்லப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகு பரிந்துரை மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். இரண்டாம் முறை வந்தால் ஏற்றே ஆக வேண்டும் என்பது அரசியல் சட்டம். அவரிடம் நாம் இன்னும் கூடுதலாக எதிர்பார்த்தோம் என்று சொல்வோர் உண்டு. 2002இல் குஜராத்தில் இரத்தம் சிந்தியபோது பிரதமருக்குக் கடிதங்கள் எழுதினார்; கடிதங்களால் என்ன ஆயிற்று என்று கேட்போரும் உண்டு. அக்கேள்விகள் நேர்மையானவை, நான் அவற்றைத் தள்ளவில்லை. அந்நாற்காலிக்கு அரசியல் சட்டம் கொடுத்த பிடி எவ்வளவு என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்பது மட்டும் என் கருத்து.

எனக்கு அவர் செய்தவற்றுள் மிகப் பெரிதாகத் தோன்றுவது ஒரு சிறு குறிப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனக் கோப்பு அவரிடம் வந்தபோது, நாட்டு மக்களில் கால் பங்கினரான பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும், பெண்களும், தக்கபடி கருதப்பட வேண்டும் என்று கோப்பிலேயே எழுதினார். 1999 தொடக்கத்தில் அச்செய்தி வெளியானபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. தகுதி என்ற சொல் மறுபடியும் மேடையேறியது. 2000 ஜூனில் கே. ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2007இல் அவர் நாட்டின் தலைமை நீதிபதியும் ஆனார். வைக்கத்துக்கு அருகே பிறந்த நம்மவர். ‘ஒருவர் உயர்ந்தால் எங்களுக்கு என்ன பயன் சார்?’ என்று இவ்வூர் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். கோப்பு யாருடைய மேசைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது, தம்பி. யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது சிலருடைய கண்ணுக்குத்தான் படும்.

1998 மக்களவைத் தேர்தலில், பதவியில் இருக்கும்போதே அவர் வாக்களித்தார். அதுவரை பதவியிலிருந்த எந்தக் குடியரசுத் தலைவரும் பொதுத் தேர்தலில் வாக்களித்ததில்லை. மாளிகை வளாகத்துப் பள்ளியில் அமைந்த வாக்குச்சாவடியில், மற்றவர்களோடு வரிசையில் நின்று வாக்களித்தார். மீண்டும் ஒரு பள்ளிக்கூடம், மீண்டும் நிற்றல். ஆனால் இம்முறை முறைக்காக நின்றார், பாக்கிக்காக அன்று. 2005 நவம்பர் 9இல் தில்லியில் அவர் காலமானார்.

நம் சங்கத்துக்கு வருகிறேன். வள்ளியாறு கடலில் சேரும் இந்தக் கரையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சங்கம் தொடங்கியபோது நம்மிடம் இருந்தது ஓர் அறையும் இரண்டு பெஞ்சும்தான். இன்று பட்டதாரிகளைக் கைவிரல் கொண்டு எண்ண முடியாது. எண்ணிப் பார்த்துப் பெருமைப்படலாம், அதில் தவறில்லை. ஆயினும் அரசு இலவசப் புத்தகம் தரும் இந்நாளிலும் போட்டித் தேர்வு நூல்கள் நம் பிள்ளைகளுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நின்றுபோன பிள்ளைகள் பதினோரு பேரின் பெயர்கள் என் சட்டைப்பையில் உள்ள தாளில் இருக்கின்றன. மேடையில் படிக்கமாட்டேன். கூட்டம் முடிந்ததும் மூத்த உறுப்பினர்கள் சற்று இருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் யார் செல்வது என்று இன்றே பிரித்துக்கொள்வோம். பட்டம் பெற்றுப் பணிக்குச் சென்றுவிட்ட இளைஞர்கள் தங்கள் பழைய தேர்வு நூல்களையும் எழுதி வைத்த குறிப்பேடுகளையும் வரும் ஞாயிறு மாலைக்குள் சங்க அறையில் சேர்த்துவிடுங்கள். கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒட்டுவதற்குப் பசையும் தாளும் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.